அப்பா பார்க்காமல் வைத்த ராணி

பெரம்பலூர்
29.6.2025

அன்புத் தம்பி சக்திக்கு,

மஞ்சு அக்கா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் உன் மகள் அபிநயாவும் சுகமாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தாய் வீட்டில் இலக்கியாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா என்று முதலில் அதை எழுது.

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுவது என்று நாம் எடுத்த முடிவு நல்லதாகத்தான் போயிற்று. அபிநயா குரலைக் கேட்டதும் அங்கே இலக்கியா அழுவாள். அந்தச் சத்தம் கேட்டு இங்கே இவள் அழுவாள். 'மனசு அலையக் கூடாது, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது' என்று பிரசவ டாக்டர் சொன்ன பிறகு அதெல்லாம் ஆகிற காரியமா? அதோடு நீயும் நானும் போனை எடுத்தால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதும்போது வாய்க்குக் கொஞ்சம் கடிவாளம் இருக்கிறது.

அபிநயாவை என் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். பிள்ளை ஒட்டிக்கொண்டாள். மாமா லோடு இறக்கிவிட்டு வந்தால் அவர் மடியில் உட்கார்ந்து எந்த ஊருக்கு என்ன ஏற்றிப் போனார் என்று விசாரணை நடத்துகிறாள். ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. அம்மா எப்ப வரும், அப்பா எப்ப வரும் என்று தினமும் கேட்கிறவள், பாப்பா எப்ப வரும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. போன முறை பாப்பா வரப்போகிறது என்று இவளிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தீர்களே, அப்போது இவளுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. பிள்ளை அதை மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு சங்கதி. எங்கள் தலைமையாசிரியை ஜானகி டீச்சரிடம் கெஞ்சி, செவ்வாயும் வெள்ளியும் கடைசி பீரியடைச் செஸ்ஸுக்கு வாங்கிவிட்டேன். ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும். நீ சிரிப்பாய் என்று தெரியும். இப்போதைக்குச் சிப்பாய்கள் மட்டும்தான், யாருடைய சிப்பாய் முதலில் அக்கரை சேருகிறதோ அவர்கள் ஜெயித்தார்கள். விக்கி என்று ஒருவன் தன் சிப்பாயைத் தானே வெட்டித் தூக்கிவிட்டான். ஏண்டா என்றால், "வழியில நிக்குறான் டீச்சர்" என்கிறான்.

அபிநயா வீட்டில் என்னோடு முழு ஆட்டமே ஆடுகிறாள். இப்போது அவளுக்கு உன்னோடு ஆட வேண்டுமாம். கடிதத்துக்கு ஒரு நகர்த்தல். அவள் வெள்ளை. ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே வைத்திருக்கிறாள். நீ என்ன செய்கிறாய் என்று எழுது.

இலக்கியாவை வெயிலில் வாசலுக்கு வராமல் உள்ளேயே படுக்கச் சொல். அவள் அம்மாவுக்கும் என் விசாரிப்பு.

அன்புடன்
அக்கா மஞ்சு


ஆலத்தியூர்
8.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மாமாவின் முதுகு வலி எப்படி இருக்கிறது? வார லீவுக்கு ஜெயங்கொண்டம் போய் இலக்கியாவைப் பார்த்து வந்தேன். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. கட்டிலிலேயே கிடந்து கிடந்து என் மாமியாரிடம் எரிந்து விழுகிறாள். அந்த அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

செஸ் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. 'பள்ளிக்கூடம்' என்ற வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படிக்கவே இவள் அரை நாள் எடுப்பாள். அவளுக்கு யானையும் குதிரையும் எதற்கு? போனில் சொல்லியிருந்தால் நீ இப்போது கத்தியிருப்பாய். கடிதம் என்பதால் தப்பித்தேன்.

ஆனாலும் பிள்ளை கேட்டுவிட்டாளே என்று அரியலூரில் ஒரு போர்டு வாங்கினேன். எப்படி அடுக்குவது என்று என் கூட வேலை பார்க்கிற அரவிந்தன்தான் காட்டினான். அவள் செய்ததையே நானும் செய்துவிட்டேன். என் ராஜாவுக்கு முன்னால் இருக்கிற கறுப்புச் சிப்பாய், இரண்டு கட்டம். இரண்டு சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

பிள்ளைக்கு என் முத்தம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
சக்தி


பெரம்பலூர்
17.7.2025

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ சுகமாக இருப்பதில் மகிழ்ச்சி, அறிவோடு இருந்தால் இன்னும் மகிழ்வேன். மாமாவுக்கு முதுகு பரவாயில்லை, தைலம் தேய்க்கிறேன்.

எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குச் செஸ் எதற்கு என்று கேட்டாயே, அந்தப் பிள்ளைக்குத்தான் முக்கியமாக வேண்டும். இவள் ஏன் தடுமாறுகிறாள் தெரியுமா? முதல் எழுத்தைப் பார்த்ததும் மீதியை ஊகித்துக் கொட்டிவிடுகிறாள். பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். கணக்கிலும் 'கூட்டலா டீச்சர், கழித்தலா' என்று என் முகத்தைப் பார்க்கிறார்களே தவிரக் கணக்கைப் பார்ப்பதில்லை. அதனால் என் வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் காயை வைத்ததும், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். 'அவங்க ஏன் இங்க வந்தாங்க' என்று மனசுக்குள் கேட்க வேண்டும். பதில் கிடைத்த பிறகுதான் கையை வெளியே எடுக்கலாம். நம் ஊரில் சொல்வார்களே, பதறாத காரியம் சிதறாது என்று. அவ்வளவுதான் நான் கற்றுக்கொடுப்பது. மற்றதெல்லாம் மரப்பொம்மை.

காய்கள் போகிற வழியை அவர்களே எனக்கு விளக்குகிறார்கள். யானை பஸ் மாதிரியாம், ரோட்டில் நேராகத்தான் போகுமாம். மந்திரி முந்திரிக் கொல்லையில் குறுக்கே நடந்து போகிறாராம். இது உன் மகள் சொன்னது. குதிரைக்குத்தான் யாருக்கும் விளக்கம் கிடைக்கவில்லை. "அதுக்குக் கிறுக்கு டீச்சர்" என்று விக்கி முடித்துவிட்டான்.

உன் நகர்த்தலைப் படித்துக் காட்டினேன். கையைக் கீழே வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள். பிறகு, "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியல அத்தை. நான் வெச்சதப் பாத்து வெச்சிருக்காரு" என்றாள். அடி விழுந்தது உனக்குத்தான்.

அவளுடைய பதில்: ராஜா பக்கத்துக் குதிரை கிளம்பி, சிப்பாய் வரிசையைத் தாண்டி, பலகையின் நடுவைப் பார்த்து நிற்கிறது. ஏன் என்று அப்பாவைக் கண்டுபிடிக்கச் சொன்னாள்.

இலக்கியாவை நான் நினைக்காத நாளில்லை என்று சொல். மருந்தை மறக்க வேண்டாம்.

அக்கா மஞ்சு


ஆலத்தியூர்
27.7.2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

அனைவரும் நலம்தானே? நான் நலம். ஜெயங்கொண்டத்திலும் நலம்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று பிள்ளையிடம் சொல். குதிரை என் சிப்பாயை வெட்டப் பார்க்கிறது. லைனில் எங்கே ஃபால்ட் என்று தேடுவது போல, குதிரை போகக்கூடிய கட்டம் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன், அகப்பட்டது. அரவிந்தன் சொல்ல வந்தான். வாயை மூடச் சொல்லிவிட்டேன்.

உன் சட்டத்தைப் படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. ஆலையில் எங்கள் எலக்ட்ரீஷியன் வேலையிலும் இதேதான். கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நான் கம்பியில் கை வைக்க மாட்டேன். வீட்டில் ஃபேன் ரிப்பேர் பார்க்கும்போதுகூட அப்படித்தான். அபிநயா பக்கத்தில் நின்று, "ஏம்பா ரெண்டு தடவ பாக்குற" என்று கேட்பாள். அதனால் செஸ் பற்றி நான் போன கடிதத்தில் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதை வைத்து என்னைக் கேலி செய்யக் கூடாது.

ஜெயங்கொண்டத்துக்குப் போர்டை எடுத்துப் போய் இலக்கியாவின் கட்டில் மேலேயே அடுக்கிக் காட்டினேன். மந்திரி கொல்லையில் குறுக்கே போகிற கதையைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதே, அசையாதே என்று மாமியார் பதறினார். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று அக்கா.

என் பதில்: வலது கைப் பக்கத்துக் குதிரையை எடுத்து வந்து என் சிப்பாய்க்குக் காவலாக நிறுத்திவிட்டேன். அவள் வெட்டினால் நானும் வெட்டுவேன்.

அவளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். மாமாவை நிதானமாக வண்டி ஓட்டச் சொல்.

தம்பி
சக்தி


பெரம்பலூர்
10.8.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு வீடே குளிர்ந்தது. எல்லோரும் சௌக்கியம். அபிநயாவுக்குச் சளியும் இல்லை, பசியின்மையும் இல்லை. தோசையை நான் சுடச் சுட மறைகிறது.

பள்ளிக்கூடத்தில் எனக்கொரு வழக்கு வந்தது. விக்கியின் அம்மா பொன்னாயி, களையெடுக்கப் போகிற வழியில் வகுப்பு வாசலில் வந்து நின்றது. "டீச்சர், நீங்க சொல்லிக் குடுக்குற வெளையாட்ட நிறுத்துங்க" என்றது. என்னவென்று கேட்டால், காலையில் தட்டில் முட்டை வைத்ததும் விக்கி கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டானாம். "ஏம்மா இன்னைக்கு முட்ட? நீ லேட்டா வருவ, அதான?" என்றானாம். "நெசமாவே நான் லேட்டா வரதாத்தான் இருந்தேன் டீச்சர். முட்டையக் குடுத்துட்டு நைசா போயிடலாம்னு பாத்தேன். இனிமே வூட்டுல ஒண்ண மறைக்க முடியுமா?" என்று கேட்கிறது. ஜானகி டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் ஆபீஸுக்குள் போய்விட்டார். பிறகு வெளியே வந்து, இன்னும் நாலு பேர் இப்படி வந்தால் வகுப்பை யோசிக்க வேண்டியிருக்கும் மஞ்சு என்றும் சொல்லிவைத்தார்.

அபிநயாவின் நகர்த்தல்: ராஜா பக்கத்து மந்திரி, குறுக்காக மூன்று கட்டம். இப்போது குதிரையும் மந்திரியும் கிளம்பிவிட்டதால் ராஜாவுக்கும் யானைக்கும் நடுவே இடம் காலி. இனி ஒரே நகர்த்தலில் ராஜாவை மூலைப் பக்கம் கொண்டுபோய், யானையைப் பக்கத்தில் காவல் நிறுத்திவிடலாம். கோட்டை கட்டுவது என்று இதைச் சொல்கிறோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் கோட்டை என்றால் உயிர். யாருக்காவது ஆபத்து வருகிறதோ இல்லையோ, கட்டிவிட வேண்டும்.

காலாண்டு லீவு வருகிறது. அபிநயாவை அழைத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் வரட்டுமா? பிள்ளை அம்மாவை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் நல்லது. என்ன சொல்கிறாய் என்று உடனே எழுது. இலக்கியாவுக்கு ஏழாவது மாதம் பிறக்கப்போகிறதே, ஸ்கேனில் என்ன சொன்னார்கள்?

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா மஞ்சு


ஆலத்தியூர்
14.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் நாடுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

லீவுக்கு இப்போது வர வேண்டாம். இலக்கியா ஓய்வில் இருக்கிறாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளையிடம் என் நகர்த்தலைச் சொல்லிவிடு. ராணி, குறுக்காக மூன்று கட்டம்.

நன்றாகப் படிக்கச் சொல்.

சக்தி


பெரம்பலூர்
18.9.2025

சக்திக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ எழுதியதை நான் நம்பவில்லை.

உன் கடிதம் வந்த அன்று நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். அபிநயாவே பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். இப்போது ஊகிப்பதில்லை, ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கிறாள். ராணியை எடுத்து, நீ சொன்ன கட்டத்தில் வைத்தாள். எட்டிப் பார்த்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி, வெட்டு" என்றேன். எனக்கே தெரிந்தது, உன் ராணி அவள் குதிரை தாவுகிற கட்டத்தில் வந்து நிற்கிறது. காவலுக்கு ஒரு காயும் இல்லை. எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட வெட்டிவிடும்.

"வெட்ட மாட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"அப்பா பாக்காம வெச்சிருக்காரு. அப்பா டெஸ்டர் வெக்காம எதையும் தொட மாட்டாரு அத்தை. அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு." கொஞ்சம் பொறுத்து, "இல்ல, அம்மாவுக்கு" என்றாள்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். உன் கடிதத்தை நானே எடுத்துப் படித்தேன். ஸ்கேன் பற்றிக் கேட்டேன், பதில் இல்லை. மாமாவின் முதுகை விசாரிக்கவில்லை. என்னோடு ஒரு வரி சண்டை இல்லை. ஊருக்கெல்லாம் 'ஏன் இங்க வந்தாங்க' என்று பாடம் எடுக்கிற நான், என் தம்பி கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். ஏழு வயசுப் பிள்ளை பிடித்துவிட்டது.

போன் அடிக்கத்தான் கை போனது. அடித்தால், "ஒண்ணும் இல்லக்கா, நல்லாருக்கோம்" என்பாய். குரலை மாற்றிச் சொல்ல உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நானும் நம்பிவிடுவேன், நம்புவதற்குத்தானே மனசு ஆசைப்படுகிறது. அதனால் கையைக் கீழே வைத்துக்கொண்டேன். மாமா ஜெயங்கொண்டம் பக்கம் லோடு எடுக்க வருகிறார். இதை உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பதிலும் அவர் கையிலேயே கொடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. எது நடந்திருந்தாலும் எழுது. நான் உன் அக்கா, தாங்கிக்கொள்வேன்.

கீழே இருப்பது அபிநயா எழுதியது.

மஞ்சு

அப்பா ராணிய எடுத்து பழைய இடத்துல வைங்க. நான் வெட்டல. பாத்து ஆடுங்க. அம்மா எங்க இருக்காங்க. அபிநயா.


தஞ்சாவூர்
20.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்தார். ஜெயங்கொண்டத்து வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு இங்கே ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் எனக்குப் பேச வரவில்லை. அதனால்தான் இதையும் எழுதியே கொடுக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் இலக்கியாவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. ஜெயங்கொண்டத்து டாக்டர் உடனே இங்கே அனுப்பினார். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறோம். ஆலையில் லீவு போட்டிருக்கிறேன். போன கடிதத்தின் தலையில் ஆலத்தியூர் என்று எழுதினேனே, அது பொய். இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதினேன். போர்டு இல்லை. எதையாவது எழுதாவிட்டால் பிள்ளை ஏமாந்துபோவாளே என்று, மனசில் தோன்றிய ஏதோ ஒன்றை எழுதிவிட்டேன். ராணி எங்கே நிற்கிறது, குதிரை எங்கே நிற்கிறது என்று எதுவும் என் கண்ணில் இல்லை. உள்ளே அவளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பிரஷர் கொஞ்சம் கட்டுக்குள் இருக்கிறது. குழந்தை அசைகிறது. எடை குறைவு. எவ்வளவு நாள் வயிற்றிலேயே வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நல்லது, முடியாவிட்டால் எடுத்துவிடுவோம் என்கிறார்கள். போன முறை போல ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இலக்கியாவிடம் சிரித்த முகமாக இருக்கிறேன். வெளியே வந்தால் முடியவில்லை. உனக்குச் சொன்னால் நீ கிளம்பி வருவாய், பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் சொல்லவில்லை.

அவள் எழுதியதை இலக்கியாவிடம் காட்டிவிட்டேன். மறைக்கத் தெம்பு இல்லை. அவள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. "எம் புள்ளைகிட்ட மறைக்காதீங்க. அவளுக்குத்தான் தெரிஞ்சிடுச்சே" என்றாள். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ பிள்ளைகளோடு இருக்கிறவள், நீயே சொல்லிவிடு.

மாமாவுக்கு முதுகு வலிக்கிறது, மறைக்கிறார். கவனி.

தம்பி
சக்தி


பெரம்பலூர்
24.9.2025

என் தம்பிக்கு,

நீ சாப்பிடு. முதலில் அதைச் செய். இந்தக் கடிதத்தோடு மாமா கொண்டுவருகிற தூக்கில் புளிச்சோறு இருக்கிறது, இலக்கியாவின் அம்மாவுக்கும் கொடு. இலக்கியாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது போதும்.

உன்னைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். அதையெல்லாம் குழந்தை பிறந்த பிறகு வட்டியோடு தருகிறேன்.

அபிநயாவிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும்போது, அவளே ஆரம்பித்தாள்.

"மாமா அப்பாவைப் பாத்தாங்களா அத்தை?"

"பாத்தாங்க. அம்மா தஞ்சாவூர்ல ஆஸ்பத்திரியில இருக்காங்கடி."

"பாப்பா உள்ள இருக்கா?"

"இருக்கு. நல்லா அசையுதாம்."

சோளக்கொல்லை ஓரமாக நின்றுவிட்டாள். உட்கார இடமில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "ஏன் ஜெயங்கொண்டத்துலேர்ந்து தஞ்சாவூருக்குப் போனாங்க?" என்றாள். நான் உள்ளதைச் சொன்னேன். அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, அங்கே பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், ஏதாவது என்றால் உடனே பார்க்க நர்ஸுகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அப்பாவும் கூடவே இருக்கிறார் என்றேன்.

மறுபடி நடந்தாள். பிறகு, "அப்ப அம்மாவுக்குக் கோட்டை கட்டிட்டாங்க" என்றாள்.

"ஆமாண்டி, கட்டிட்டாங்க."

"போன தடவ கட்டலையா அத்தை?"

"போன தடவ நேரம் கெடைக்கலடி தங்கம்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் ரோட்டிலேயே அழுதிருப்பேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆட்டத்தில் அப்படி நேர்வதுண்டு என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "பாப்பா எப்ப வரும்?"

ஜூன் மாதத்திலிருந்து நான் காத்திருந்த கேள்வி. யாருக்கும் தெரியாதுடி, வந்ததும் முதலில் உனக்குத்தான் சொல்வோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது நல்ல சேதியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்வோம் என்றேன். இதை நீ காப்பாற்ற வேண்டும். அந்தச் சேதிக்கு மட்டும் போன். மற்றதெல்லாம் கடிதம்.

பொன்னாயி மறுபடி வந்தது. விளையாட்டை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். "இப்பல்லாம் காலையிலேயே உண்மையச் சொல்லிட்டுப் போயிடுறேன் டீச்சர். அவனும் அழுவறதில்ல. எனக்கும் வேலையில மனசு நிக்குது" என்றது. ஜானகி டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்புக்கு இனி ஆபத்தில்லை.

ராணி பழைய இடத்திலேயே நிற்கிறது. நீ எப்போது போர்டைப் பார்த்து ஆட முடிகிறதோ அப்போது ஆடினால் போதும் என்று உன் மகள் உத்தரவு.

இலக்கியாவின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, அண்ணி கொடுத்தது என்று சொல்.

அக்கா மஞ்சு


தஞ்சாவூர்
12.10.2025

அன்புள்ள அக்கா, மாமா, என் அபிநயாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இந்த வார்த்தையை இத்தனை வருஷமாக எழுதுகிறேன், இன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்து எழுதுகிறேன்.

போனில் சேதி மட்டும்தான் சொன்னேன். அதற்குள் நீ அழுதாய், நான் அழுதேன், மாமா போனைப் பிடுங்கிக்கொண்டு அவரும் அழுதார். மீதியை இதில் எழுதுகிறேன். பிரஷர் மறுபடி ஏறியதும் இனிக் காத்திருக்க வேண்டாம் என்று ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நடுக்கம் நிற்கவில்லை, ஆனால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்துவிட்டது. பூனைக்குட்டி கத்துவது போலச் சின்னச் சத்தம்.

பெண் குழந்தை. அபிநயா, உனக்குத் தங்கச்சி. ரொம்பச் சின்னதாக இருக்கிறாள். கண்ணாடிப் பெட்டியில் சூடாக வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். நேற்றிலிருந்து தாய்ப்பாலைக் குழாய் இல்லாமல் தானே குடிக்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை, எடை ஏறியதும் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டே இருக்கிறாள். விரலைப் பிரித்துப் பார்த்தால் மறுபடி மூடிக்கொள்கிறாள்.

அம்மாவுக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. எழுந்து நடக்கிறாள். "புள்ள எழுதுன சீட்டு தலமாட்டுல இருந்துச்சு, அதான் எனக்குப் பயமில்ல" என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். தங்கச்சிக்கு நீதான் பெயர் வைக்க வேண்டுமாம்.

அரவிந்தன் பார்க்க வந்தபோது போர்டைக் கொண்டுவந்தான். எல்லாவற்றையும் அடுக்கி, ராணியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு நன்றாகப் பார்த்து ஆடியிருக்கிறேன். ராணி, குறுக்காக நான்கு கட்டம். பலகையின் ஓரத்தில், யாரும் வராத இடத்தில் பத்திரமாக நிறுத்திவிட்டேன். இந்த முறை டெஸ்டர் வைத்துப் பார்த்தாயிற்று.

தீபாவளிக்கு அடுத்த வாரம் நானே வந்து உன்னை அழைத்துப் போகிறேன். அக்கா, அந்தத் திட்டையும் அப்போதே வாங்கிக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் அன்புடன்
சக்தி


பெரம்பலூர்
19.10.2025

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அத்தையும் மாமாவும் நல்லா இருக்காங்க. நீங்க நல்லா இருக்கீங்களா. தங்கச்சி நல்லா இருக்காளா. இந்த லட்டரை நானே எழுதறேன். அத்தை பக்கத்துல உக்காந்து தப்பு மட்டும் பாக்கறாங்க.

தங்கச்சி வந்ததை வகுப்புல எல்லாருக்கும் சொன்னேன். விக்கி கைதட்டினான். பேர் நான் இன்னும் யோசிக்கறேன். அவசரப்பட மாட்டேன்.

அப்பா நீங்க இந்தத் தடவையும் பாக்கல. ஓரத்துல வெச்சாலும் அதே குதிரை வருது. எண்ணிப் பாருங்க. நான் கையக் கீழ வெச்சு நெறைய நேரம் யோசிச்சேன். அப்பா ஏன் இப்படி வெச்சாருன்னு. அப்புறம் தெரிஞ்சுது. நீங்க ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க.

அதனால வெட்டிட்டேன். குதிரை உங்க ராணிய எடுத்துடுச்சு. இப்ப மாத்தக் கூடாது.

தங்கச்சி கைய மூடியே வெச்சிருக்கான்னு எழுதினீங்க. நீங்க விரலைப் பிரிக்காதீங்க அப்பா. அவ யோசிக்கறா.

உங்கள் மகள்
அபிநயா